ஓடு மாற்றும் முன் மரத்தைப் பாருங்கள்

ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்ததும் பலரும் முதலில் செய்வது, மேஸ்திரிக்குப் போன் போட்டு "சதுரத்துக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்பதுதான். சதுரம் என்றால் 100 சதுர அடி. அந்தக் கேள்விக்குக் கூரையைப் பிரிக்காமல் யாரும் சரியான பதில் சொல்ல முடியாது. ஓட்டு விலை விசாரித்தால் தெரிந்துவிடும். அடுக்கும் கூலியும் ஓர் ஊருக்குள் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். அடியில் இருக்கும் மரம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதுதான் தெரியாத கணக்கு. செலவு எகிறுவதும், வேலை பாதியில் நிற்பதும், மேஸ்திரியோடு மனக்கசப்பு வருவதும் பெரும்பாலும் அந்த மரத்தால்தான். அதனால் மரத்தின் கணக்கைத் தனியாகப் பாருங்கள், தனியாகப் பேசுங்கள்.

இங்கே சொல்வது சீமை ஓடு என்றும் மங்களூர் ஓடு என்றும் நாம் அழைக்கும் ஓட்டுக் கூரையைப் பற்றி. 1865-ல் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய வடிவம் இது. ஓட்டின் ஓரத்தில் பள்ளமும் மேடும் இருக்கும். ஒன்றின் பள்ளத்தில் அடுத்ததன் மேடு உட்காரும். நாட்டு ஓட்டில் இந்தக் கவ்வல் கிடையாது. நாட்டு ஓட்டிலிருந்து சீமை ஓட்டுக்கு மாறுகிறீர்கள் என்றால் ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பரின் பழைய இடைவெளி பொருந்தவே பொருந்தாது. ரீப்பர் முழுவதையும் கழற்றி அடிக்க வேண்டும் என்று முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முழுதாக மாற்றத்தான் வேண்டுமா என்று முதலில் பாருங்கள். தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள். முகடு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தால் மரம் பெரும்பாலும் தாங்குகிறது என்று அர்த்தம். நடுவில் தொய்ந்திருந்தால் முகட்டில் நீளவாக்கில் ஓடும் மரமான மோட்டுவளையோ அதைத் தாங்கும் விட்டமோ வளைந்துவிட்டது. அங்கே ஓட்டை மட்டும் மாற்றுவது காசை வீணாக்குவது. அடுத்து, உச்சி வெயிலில் உள்ளே கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அண்ணாந்து பாருங்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் உடைந்த அல்லது நகர்ந்த ஓடு. அது நாலைந்து இடத்தில் மட்டும், மரமும் நன்றாக இருந்தால், ஓடு மாற்றி, முகட்டை மூடும் மோட்டு ஓட்டைப் பூசினாலே போதும். கூரை முழுக்கப் பரவலாகத் தெரிந்தாலோ, மழைக்குப் பிறகு ஓட்டின் உட்புறம் மணிக்கணக்கில் ஈரமாக நின்றாலோ, ஓடு பொரிந்துவிட்டது. அதை மாற்றத்தான் வேண்டும்.

இனி மரம். ஏணி, டார்ச், சுத்தியல், ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர் போதும். முகட்டிலிருந்து சுவருக்குச் சரிந்து இறங்கும் கைமரத்தைச் சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று கேட்கும். உளுத்தது மொத்தென்று கேட்கும். ஆனால் நடுவில் தட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். கைமரம் கெடுவது முனையில்தான். சுவர்த் தலையில் படுத்திருக்கும் கட்டையில் அது உட்காரும் இடம், சுவருக்குள் புதைந்திருக்கும் விட்டத்தின் முனை, இரண்டு கூரைச் சரிவுகள் பள்ளமாகச் சேரும் கூடல்வாய்க்குக் கீழ், சமையலறைப் புகைக்கூண்டைச் சுற்றி என்று இந்த 4 இடங்களிலும் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இறங்கினால் அந்த மரத்தை மாற்றுவதற்கான கணக்கில் சேருங்கள். சுவரில் மண் கோடு ஏறியிருந்தால் கரையான். தரையில் மாவு போலப் பொடி உதிர்ந்திருந்தால் வண்டு துளைக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கரையானுக்குத் தரையிலும் சுவரடியிலும் மருந்து அடிக்காமல் புது மரம் ஏற்றினால் அது புது மரத்துக்கும் வரும்.

பனங்கை, அதாவது பனைமரக் கைமரம், போட்ட பழைய வீடுகள் தென்மாவட்டங்களிலும் டெல்டாவிலும் இன்னும் நிறைய இருக்கின்றன. வைரம் பாய்ந்த பனை வெளிப்பக்கம் இரும்பாக இருக்கும், உள்பக்கச் சோறு மென்மையாக இருக்கும். ஆகவே வெளியே தட்டினால் நல்ல சத்தம் வந்தாலும், அறுபட்ட முனையில் குத்திப் பார்த்தால்தான் நிலைமை தெரியும். நல்ல பனங்கையைக் கழற்றி எறிய வேண்டாம். அதற்கு ஈடான மரத்தை இன்று கடையில் வாங்குவது சுலபமில்லை.

அளவு எடுப்பதில்தான் அடுத்த தகராறு. தரைப் பரப்பு வேறு, கூரைப் பரப்பு வேறு. 30 அடி நீளம், 20 அடி அகலம் உள்ள, இரண்டு பக்கம் சரிந்த வீட்டை எடுத்துக்கொள்வோம். தரை 600 சதுர அடி. சரிவு 2-க்கு 1, அதாவது 2 அடி தள்ளிப் போனால் 1 அடி உயரம். சுவருக்கு வெளியே 2 அடி இறவாரம் விட்டால் ஒரு பக்கச் சரிவின் நீளம் சுமார் 13.4 அடி. இரண்டு ஓரத்திலும் 1 அடி நீட்டினால் நீளம் 32 அடி. இரு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 860 சதுர அடி, அதாவது 8.6 சதுரம். "600 அடி வீடுதானே" என்று நீங்களும், 860 அடிக்கு மேஸ்திரியும் மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தால் கடைசி நாளில் வாக்குவாதம் நிச்சயம். சரிவின் மேல் டேப்பை வைத்து இருவரும் சேர்ந்து அளந்து, எழுதிக்கொள்ளுங்கள்.

சீமை ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15, ஒரு சதுரத்துக்கு 140 பிடிக்கும். மேலே சொன்ன வீட்டுக்கு 1,200. ஏற்றி இறக்குவதில் உடைவது, ஓரத்தில் வெட்டுவது எல்லாம் சேர்த்து 1,300 வாங்குங்கள். மோட்டு ஓடு ஒன்று ஒன்றேகால் அடியை மூடும் என்று வைத்தால் 32 அடிக்கு 26. 30 வாங்கினால் சரி. மரத்தைக் கன அடியில் விற்பார்கள்: அங்குலத்தை அங்குலத்தால் பெருக்கி, அடி நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். 4×2 கைமரம் 2 அடிக்கு ஒன்றாகப் போட்டால் பக்கத்துக்கு 17, மொத்தம் 34. ஒவ்வொன்றும் பதின்மூன்றரை அடி என்றால் சுமார் 25.5 கன அடி வரும். 2×1 ரீப்பர் ஏறக்குறைய 900 அடி. அது பன்னிரண்டரை கன அடி. சுவருக்கும் முகட்டுக்கும் இடையில் தாங்கும் விட்டம் ஒன்று இல்லையென்றால் இந்த நீளத்துக்கு 4×2 போதாது, காலப்போக்கில் தொய்யும். ஓடு ஒன்று இரண்டரை கிலோ என்று வைத்தாலே 1,200 ஓடு 3 டன். மழையில் ஊறினால் அரை டன்வரை கூடும். மரம் சுமக்க வேண்டிய பாரம் அவ்வளவு.

சரிவை அளக்க 24 அங்குல ரசமட்டம் ஒன்று போதும். அதன் ஒரு முனையைக் கைமரத்தில் வைத்து, மட்டமாகப் பிடித்து, மறுமுனையிலிருந்து கைமரம்வரை செங்குத்தாக அளங்கள். 12 அங்குலம் வந்தால் நல்ல சரிவு. 10-க்குக் கீழே போனால் காற்றோடு அடிக்கும் மழை ஓட்டின் கவ்வலைத் தாண்டி உள்ளே ஏறும். எவ்வளவு நல்ல ஓடு போட்டாலும் ஒழுகும். இந்தக் கோளாறு அதிகம் தென்படுவது, திண்ணையையோ வராந்தாவையோ பிற்பாடு முன்னால் இழுத்துக் கட்டிய வீடுகளில். வாசல் உயரம் இடிக்கும் என்று சரிவைத் தட்டையாக்கி இறக்கியிருப்பார்கள். மேல் சரிவிலிருந்து வேகமாக வரும் தண்ணீர் அந்த முறிவில் தயங்கி, ஓட்டுக்கு அடியில் புகும். அந்தப் பகுதிக்கு மட்டும் ஓட்டை விட்டுவிட்டுத் தகர ஷீட் போடுவதே சரி. மேல் ஓட்டின் கடைசி வரிசை ஷீட்டின் மேல் ஆறு அங்குலமாவது ஏறி இருக்க வேண்டும்.

ஓடு வாங்கும்போது கைக்கு வந்ததை ஏற்றாதீர்கள். தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். சமதரையில் வைத்தால் ஆடக்கூடாது. பத்து ஓட்டை எடுத்து நன்கு காய்ந்த நிலையில் எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, துடைத்து மறுபடி எடை போடுங்கள். இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 654, உயர்ந்த வகைக்கு 18 சதவீதம், அடுத்த வகைக்கு 20 சதவீதம்வரை தண்ணீர் இழுக்கலாம் என்கிறது. இரண்டரை கிலோ ஓடு ஊறிய பிறகு 3 கிலோவைத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம். மளிகைக்கடைத் தராசே இதற்குப் போதும்.

பழைய ஓட்டில் பாதி நன்றாக இருக்கிறது, பாதி மட்டும் புதிது வாங்கலாம் என்று நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு கம்பெனி ஓடு இன்னொரு கம்பெனி ஓட்டோடு கவ்வாது. ஓட்டின் முதுகில் அச்சடித்திருக்கும் பெயரைப் பாருங்கள். கால் அங்குல வித்தியாசம் இருந்தாலும் பத்து வரிசை போவதற்குள் இடைவெளி விழும். நல்ல பழைய ஓடுகளை எல்லாம் பொறுக்கி ஒரே சரிவில், பின்பக்கத்தில் போட்டு, முன்பக்கச் சரிவு முழுக்கப் புதிது போடுங்கள். கலந்து மட்டும் போடாதீர்கள். இரண்டு சரிவுக்கும் ரீப்பர் இடைவெளி வேறாக வந்தாலும் பரவாயில்லை.

ரீப்பர் இடைவெளி என்றதும் "பன்னிரண்டரை அங்குலம்" என்று பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். அது உத்தேசக் கணக்குதான். வந்திறங்கிய லோடிலிருந்து 11 ஓட்டை எடுத்துத் தரையில் ஒன்றன் மேல் ஒன்று கவ்வ வைத்து வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். நன்றாக நெருக்கித் தள்ளி, முதல் ஓட்டில் ரீப்பரில் மாட்டும் கொக்கியிலிருந்து பதினோராவது ஓட்டின் கொக்கிவரை அளக்க வேண்டும். பிறகு கவ்வல் விடாமல் முடிந்தமட்டும் இழுத்து மறுபடி அளக்க வேண்டும். இரண்டையும் கூட்டி 20-ஆல் வகுத்தால் வருவதுதான் உங்கள் ஓட்டுக்கு உரிய இடைவெளி. இந்தச் சோதனையைச் செய்துகாட்டத் தெரிந்த மேஸ்திரிக்கு வேலை தெரியும் என்று நம்பலாம். இறவாரத்தில் வரும் முதல் ரீப்பர் மற்றவற்றைவிட ஓட்டின் கனம் அளவுக்கு, முக்கால் அங்குலமாவது, உயர்ந்திருக்க வேண்டும். முதல் வரிசைக்குக் கீழே தாங்க வேறு ஓடு இல்லை. அதைத் தூக்காவிட்டால் அந்த வரிசை குனிந்து, இரண்டாம் வரிசையோடு கவ்வாமல் வாய் பிளந்து நிற்கும். காற்று முதலில் பிடிப்பதும் அங்கேதான்.

மரமா, இரும்பா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கரையான் தொல்லை உள்ள இடத்தில் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு, சதுரக் குழாய் நல்லதுதான். ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு அங்கிருந்துதான் கிளம்பும். ஒவ்வொரு வெல்டிங்கையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் இரண்டு கோட் அடிக்க வேண்டும். மேலே ஏறி அதைச் சரிபார்க்க முடிவது ஓடு ஏறும்வரைதான். கடலோரத்தில் நல்ல மரமே எனக்குப் பிடித்தது. மரம் என்றால் ஏற்றுவதற்கு முன்பே தரையில் வைத்து நான்கு பக்கமும், முக்கியமாக அறுத்த முனையிலும், முந்திரிக்கொட்டை எண்ணெயோ கரையான் மருந்தோ இரண்டு முறை பூசிக் காயவிடுங்கள். சுவருக்குள் போகும் முனையைச் சுற்றிச் சிமெண்ட்டை இறுக்கி அடைக்காதீர்கள். அரை அங்குலம் காற்றுப் போக இடம் விட்டால்தான் ஈரம் வெளியேறும். ரீப்பர் ஒட்டு எப்போதும் கைமரத்தின் மேல் விழ வேண்டும். எல்லா ஒட்டும் ஒரே கைமரத்தில் விழக்கூடாது.

காலம் எது? வடகிழக்குப் பருவமழையை நம்பும் மாவட்டங்களில் தை முடிந்து சித்திரை வரும்வரை நல்ல நேரம். ஆடி மாதம் மழை இல்லையே என்று ஆரம்பித்தால் காற்றில் தார்ப்பாய் நிற்காது. குமரி, தேனி, பொள்ளாச்சிப் பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும், கோடை மழையும் உண்டு. அங்கே மாசிக்குள் முடித்துவிடுவது நல்லது. பொங்கல் முடிந்ததும் எல்லோரும் வேலை ஆரம்பிப்பார்கள் என்பதால் மேஸ்திரியிடம் மார்கழியிலேயே பேசி வையுங்கள்.

மேஸ்திரியைத் தேர்ந்தெடுக்க, அவர் போன மாதம் செய்த கூரையைப் பார்ப்பதில் பயனில்லை. மூன்று மழைக்காலம் கண்ட கூரையைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு உள்ளே போய், சுவரோடு கூரை சேரும் இடத்தில் தண்ணீர்த் தடம் இருக்கிறதா என்று பாருங்கள். "அண்ணே, ஆசாரி உங்க ஆளா, நான் தனியா கூப்பிடணுமா?" என்று நேராகவே கேளுங்கள். மர வேலைக்குத் தச்சர் இல்லாமல் கொத்தனாரே கைமரம் பூட்டுவதாகச் சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.

ரேட்டை மொத்தமாகப் பேசாமல் பிரித்துப் பேசுங்கள். பழைய ஓட்டைப் பிரித்து அடுக்குவதற்குச் சதுரத்துக்கு இவ்வளவு, கைமரம் மாற்றக் கன அடிக்கு இவ்வளவு, ரீப்பர் அடிக்கு இவ்வளவு, ஓடு அடுக்கச் சதுரத்துக்கு இவ்வளவு, மோட்டு ஓடு பதித்துப் பூச அடிக்கு இவ்வளவு, கூடல்வாய்த் தகரம் அடிக்கு இவ்வளவு. சாரம், தார்ப்பாய், ஆணி, வண்டிக் கூலி யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் வரட்டும். இப்படி இருந்தால் பிரித்த பிறகு 6 கைமரம் கெட்டிருந்தாலும் 16 கெட்டிருந்தாலும் கணக்கு தானாக வந்துவிடும், பேரம் மறுபடி ஆரம்பிக்காது. மூன்று பேரிடம் இதே தாளைக் கொடுத்து ரேட் வாங்குங்கள். ஒருவர் மட்டும் மிகக் குறைவாகச் சொன்னால் மரத்தின் ரேட்டைப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கே ஏற்றி வைத்திருப்பார்.

பணத்தை நான்கு தவணையாகக் கொடுப்பது நல்லது. ஆரம்பத்தில் 10 அல்லது 15 சதவீதம் போதும். பிரித்து, எந்த மரம் போகும் எது இருக்கும் என்று இருவரும் சாக்பீஸால் குறித்த பிறகு ஒரு பங்கு. ரீப்பர் அடித்து முடித்ததும், ஓடு ஏறும் முன் நீங்கள் மேலே பார்த்த பிறகு, இன்னொரு பங்கு. ஓடு முடிந்ததும் மீதி. அதில் 10 சதவீதத்தை முதல் நல்ல மழைவரை நிறுத்தி வைக்கலாம். இதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும், கடைசியில் சொன்னால் யாருக்கும் கோபம் வரும்.

பிரிக்கும் நாளுக்கு முன் இபி சர்வீஸ் ஒயர் கூரை வழியாக வருகிறதென்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி இணைப்பைக் கழற்ற வையுங்கள். ஆட்களுக்குக் கயிறும் பெல்ட்டும் ஹெல்மெட்டும் இல்லாமல் மேலே ஏற விடாதீர்கள். பழைய ரீப்பர் காலடியில் முறிவது சகஜம். ஓட்டை முகட்டிலிருந்து கீழ்நோக்கி, இரண்டு சரிவிலும் மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரு பக்கம் முழுக்கக் காலி, மறுபக்கம் ஒன்றரை டன் பாரம் என்று விட்டால் கூரை சாய்ந்து, மண் சுவராக இருந்தால் சுவரையே தள்ளும். ஏற்றும்போதும் இரண்டு சரிவிலும் மாற்றி மாற்றித்தான். மரம் கழன்ற பிறகு சுவர்த் தலை பொலபொலவென்று இருந்தால், இரண்டு 10 மில்லிமீட்டர் கம்பி ஓட விட்டு 4 அங்குல பெல்ட் கான்கிரீட் போட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கைமரத்தைப் பிடிக்கும் இரும்புப் பட்டைகளை அப்போதே அதில் பதித்துவிடலாம்.

அந்தப் பட்டை புயல் வரும் மாவட்டங்களில் அவசியம். 2018 நவம்பர் 16 அன்று கஜா வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டா மக்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. காற்று கூரையைத் தள்ளுவதைவிட மேலே உறிஞ்சித் தூக்குவதுதான் அதிகம். முதலில் இறவாரம், ஓரம், முகடு என்று தொடங்கும். நல்ல ஓட்டின் முதுகில் கம்பி கோக்க ஒரு துளையுள்ள காது இருக்கும். இறவாரத்தில் இரண்டு வரிசை, பக்க ஓரங்களில் ஒரு வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை ஆகியவற்றைக் காதில் ஜிஐ கம்பி கோத்து ரீப்பரோடு கட்டச் சொல்லுங்கள். கடலோரம் என்றால் செம்புக் கம்பி.

முகட்டுக்கு வருவோம். புதுக் கூரையில் முதல் ஆண்டே ஒழுகுவது பெரும்பாலும் இங்கேதான். மோட்டு ஓட்டைத் தண்ணீரில் ஊற வைக்காமல் பதித்தால் அது கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், பிடிப்பே இருக்காது. "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்" என்று 1-க்கு 3 சிமெண்ட் கலவை போடுவதும் தவறு. மரம் வெயிலுக்கும் மழைக்கும் சுருங்கி விரியும். விறைப்பான கலவை அதோடு அசையாமல் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் இறங்கும். 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்றால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கலவை மோட்டு ஓட்டின் விளிம்புக்குள் அரை அங்குலம் அடங்கியிருக்க வேண்டும். வெளியே வழித்துப் பூசினால் அழகாகத் தெரியும், ஆனால் அந்த ஓரமே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஒரு வாரம் ஈரச் சாக்குப் போட்டு நனைத்து வைக்க வேண்டும். மேஸ்திரி அடுத்த வேலைக்குப் போயிருப்பார். நனைப்பது நம் பொறுப்பு.

கூடல்வாயில் இரண்டடி அகலத் தகரம் போட்டு, இரு பக்க ஓட்டையும் வெட்டி, நடுவில் 4 அங்குலமாவது திறந்த வாய்க்காலாக விட வேண்டும். ஓடுகளை நெருக்கி வைத்துச் சிமெண்ட் பூசி மூடினால் இலை அடைத்து, தண்ணீர் எதிர்த்து ஏறும். நடுத்தகரத்தில் ஆணி அடிக்கவே கூடாது. அலுமினியத் தகடு போட்டால் ஈரச் சிமெண்ட் அதில் படக்கூடாது, அரித்துவிடும். மாடிச் சுவரோடு கூரை சேரும் இடத்தில் சுவரை ஓர் அங்குலம் வெட்டி, தகட்டின் மேல் விளிம்பை உள்ளே செருகிப் பூச வேண்டும். சுவரில் தகட்டைச் சாய்த்து மேலே சிமெண்ட் இழுப்பது ஒரு கோடைகூடத் தாங்காது.

பின்பக்கச் சாய்ப்பில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதை உடைத்து இறக்க விடாதீர்கள். நன்றாகத் தண்ணீர் அடித்து நனைத்து, ஜே போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்க வேண்டும். அந்தத் தூசு நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. துணி கட்டிக்கொள்வது போதாது, என்95 கூடப் போதாது; பி100 அல்லது எஃப்எஃப்பி3 வகை முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளைத் தரை நிரப்பப் போடுவதும், குளியலறை மறைப்புக்கு அறுப்பதும் வேண்டாம். துண்டுகளைப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டி, எங்கே ஒப்படைப்பது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள்.

ஓட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது அவரவர் விருப்பம், ஆனால் பெயிண்ட் ஒழுகலை நிறுத்தாது. பாசி படிந்த பழைய ஓட்டில் அடித்தால் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும்.

முதல் பெரிய மழையன்று டார்ச்சோடு உள்ளே ஒரு சுற்று வாருங்கள். முகட்டுக்குக் கீழ், கூடல்வாய், சுவரோரம், இறவாரம் என்ற வரிசையில் பாருங்கள். ஈரம் தெரிந்த இடத்தைக் கைமரத்தில் சாக்பீஸால் குறித்துப் போட்டோ எடுத்து மேஸ்திரிக்கு அனுப்புங்கள். தண்ணீர் ரீப்பர் வழியாக ஓடிவந்து சொட்டும் என்பதால் ஒழுகும் இடம் பெரும்பாலும் குறித்த இடத்துக்கு ஒன்றிரண்டு வரிசை மேலே இருக்கும். மீந்த ஓடுகளில் 40, 50-ஐயும் நாலைந்து மோட்டு ஓட்டையும் யாருக்கும் கொடுத்துவிடாமல் சுவரோரம் நிறுத்தி அடுக்கி வையுங்கள். தேங்காய் விழுந்தோ குரங்கு குதித்தோ உடையும்போது, அதே அச்சுள்ள ஓடு கடையில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.